பிறன் என்னும் சொல்லும் பிறரன்பு என்னும் செயலும்

கிறித்தவத் தமிழ் இலக்கியம் பற்றிய பாடவேளை ஒன்றில், ஆசிரியப் பணியிலிருந்து பட்டப்படிப்பிற்கு வந்திருந்த மாணவி ஒருவர் ஒரு வினா எழுப்பினார். தமிழ் விவிலியம் பிறனிடத்தில் அன்பு கொள்ளுமாறு கட்டளையிடுகிறது. திருக்குறள் வகுப்பிலோ, பிறன் என்பான் நமக்கு உரியவன் அல்லாதவன் என்றும், அவன் மனையாளை விரும்பாதிருத்தலும் அவனைப் புறங்கூறாதிருத்தலும் அறம் என்றும் படித்தோம். உரியவன் அல்லாதவனிடத்தில் அன்பு எவ்வாறு தோன்றும்? தானாகத் தோன்றாத ஒன்றைக் கட்டளையிட இயலுமா? அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. சொற்பொருள் பற்றிய ஐயம் போலத் தோன்றினும் அவ்வினா கிறித்தவ வாழ்வியலின் மையத்தையே தொட்டது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். அவ்வினாவுக்குச் சற்று விரிவாக விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. ஒரு சமயத்தை எடுத்துரைத்து ஆதரிப்பது நம் நோக்கமன்று. இந்தியவியல் பயில்வோர் அச்சமயத்தின் தலையாய கட்டளையைத் தமிழ்ச் சொற்களின் வழியாக எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம் என்பதே நம் கவலை.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட சொல்

பிறரை நேசிக்க வேண்டும் என்னும் கட்டளை இயேசுவால் புதிதாகக் கூறப்பட்டதன்று. எபிரேய விவிலியத்தின் லேவியர் நூல் 19ஆம் அதிகாரத்தில் அது முன்னரே உள்ளது. அங்கு வரும் 'ரேஆ' என்னும் எபிரேயச் சொல் தோழன், உடனிருப்பவன் என்னும் பொருளது. அதே அதிகாரத்தின் பிற்பகுதி, நாட்டில் வந்து தங்கியிருக்கும் அந்நியனையும் அவ்வாறே நேசிக்க வேண்டும் என்று அக்கட்டளையை விரிக்கிறது. கிரேக்கத்தில் இச்சொல் 'பிளேசியோன்', அஃதாவது அருகில் இருப்பவன் என்று ஆயிற்று. இலத்தீனில் மிக அருகில் இருப்பவன் என்று பொருள்படும் 'புரோக்சிமுஸ்' ஆயிற்று. நம் நாட்டு மாணவர் நன்கறிந்த மலாய் மொழிபெயர்ப்போ 'செசாமா' என்னும் சொல்லைக் கையாளுகிறது. நம்மைப் போன்றவர், நம்மோடு ஒத்தவர் என்பது அதன் உட்பொருள்.

தமிழில் நிகழ்ந்தது வேறு. ஹென்றி பவர் தலைமையில் 1871இல் நிறைவுற்றதும் புரொட்டஸ்டண்டு திருச்சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளதுமான மொழிபெயர்ப்பு 'பிறன்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது. மறையுரைகளில் 'அயலார்' என்னும் சொல்லும் கேட்கப்படுகிறது. கத்தோலிக்கர் இறையன்பு, பிறரன்பு என்று இணைத்து வழங்குவர்.

இவற்றுள் கிரேக்க மூலத்திற்கு நெருக்கமானது அடுத்திருப்பவர் என்பதே. அதில் ஐயமில்லை. எனினும், மூலத்திற்கு நெருக்கமான சொல்லே எப்போதும் பொருளாழம் மிக்க சொல்லாக அமைந்துவிடுவதில்லை. அருகில் இருப்பவன் என்னும்போது அன்பு செய்வதற்கான காரணம் ஒன்று அச்சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. ஒத்தவன் என்னும் மலாய்ச் சொல்லிலும் அப்படியே. பிறன் என்னும் தமிழ்ச் சொல்லில் அத்தகைய காரணம் ஒன்றுமில்லை. 'நான் அல்லாதவன், என்னவன் அல்லாதவன்' என்பதற்கு மேல் அது எதையும் கூறுவதில்லை. மாணவியின் இடர்ப்பாடு தோன்றிய இடமும் இதுவே.

அன்பும் அருளும்

அவ்வினாவின் மறுபாதி அன்பு என்னும் சொல்லில் உள்ளது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் 8ஆம் அதிகாரமாகவும் அருளுடைமையைத் துறவறவியலில் 25ஆம் அதிகாரமாகவும் வைத்தார். பரிமேலழகர் இவ்விரண்டையும் தெளிவாக வேறுபடுத்துவார். மனைவி, மக்கள் முதலிய தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். ஆகவே தமிழ் மரபின்படி, பிறனிடத்துச் செல்ல வேண்டியது அருளேயன்றி அன்பன்று. பிறனிடத்தில் அன்பு என்பது உரையாசிரியர் நோக்கில் ஏறத்தாழ முரண்தொடர்.

அவ்வாறாயின் மொழிபெயர்ப்பாளர் அருள் என்று ஏன் எழுதவில்லை? கிறித்தவத் தமிழில் அருள் என்னும் சொல் இறைவனுக்கு உரியதாகிவிட்டது என்பது நாம் காணும் காரணம். மனிதர் தகுதியின்றியே பெறும் இறைக்கொடையைக் கத்தோலிக்கர் அருள் என்றனர். புரொட்டஸ்டண்டார் கிருபை என்றனர். இரண்டும் மேலிருந்து கீழே வருவன. மனிதருக்கிடையே வழங்குவதற்கு எஞ்சியவை அன்பு, நேசம், சிநேகம் ஆகியவையே. பகைவரைப் பற்றிய கட்டளையில் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு சிநேகித்தல் என்னும் சொல்லைப் பெய்திருப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. பகைவனோடு தோழமை கொள் என்பது அதன் பொருள்.

இச்சொல்லாட்சியால் ஒரு விளைவு ஏற்பட்டது. மொழிபெயர்ப்பாளர் அதனை எண்ணியே செய்தனர் என்று நாம் கூறவில்லை. அருள் துறவியின் பண்பு. உறவுகளைத் துறந்தவன் எல்லாரிடத்தும் ஒரு நிகராக இரங்குவான். கிறித்தவத் தமிழ் கேட்பதோ அதனையன்று. உறவுகளின் நடுவே, மனைவி மக்களோடு, கடையும் வயலுமாக வாழ்பவனிடம், உன் மகனிடத்துக் காட்டும் அதே அன்பைப் பிறனிடத்தும் காட்டு என்கிறது. தொடர்பு இருப்பதால் அன்பு பிறப்பதன்று. அன்பின் செயலால் தொடர்பு பிறக்கிறது. மாணவியின் வினாவுக்கு நாம் தரும் விடை இதுவே. தோன்றாத உணர்வை ஒருவர்க்குக் கட்டளையிட இயலாது என்பது உண்மை. ஆனால் செயலைக் கட்டளையிடலாம்.

வள்ளுவரும் இதற்குப் புறம்பானவர் அல்லர். பொருட்பாலில் அவர் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகவும், பொருளை அக்குழந்தையை வளர்க்கும் செவிலியாகவும் உருவகிக்கிறார். அருளுக்குச் செலவு உண்டு என்பதை இத்துணை வெளிப்படையாகக் கூறிய அறநூல்கள் குறைவு.

எரிகோ சாலையில்

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் வரும் கதையை நாம் அனைவரும் அறிவோம். பலமுறை கேட்டதனால் அதன் கூர்மை மழுங்கிவிட்டது. சட்ட அறிஞர் ஒருவர் இயேசுவிடம், தாம் நேசிக்க வேண்டிய அந்தப் பிறன் யார் என்று வினவுகிறார். எல்லையை அறிய விரும்பும் வினா அது. யார்வரை நேசிக்க வேண்டும், எவரை விட்டுவிடலாம் என்பதே அதன் உட்கிடை. விடையாக வருவது வரையறையன்று, ஒரு கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதை 30 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுக்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழிறங்குகிறது. பாறைகளுக்கிடையே கள்வர் பதுங்கியிருக்க ஏற்ற இடம். அங்கு அடிபட்டுக் குற்றுயிராகக் கிடப்பவனைக் குரு ஒருவரும் லேவியர் ஒருவரும் கண்டு விலகிப் போகின்றனர். சமாரியன் ஒருவன் நிற்கிறான்.

இன்று நல்ல சமாரியன் என்பது உதவி செய்பவனுக்கு மறுபெயர். மருத்துவமனைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அப்பெயரைச் சூட்டுகிறோம். அன்று அக்கதையைக் கேட்ட யூதருக்குச் சமாரியன் வெறுப்புக்குரியவன். கெரிசிம் மலையிலிருந்த சமாரியரின் கோயிலை யூத ஆட்சியாளர் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழித்திருந்தனர். வழிபாடு, வேதம், குருதி ஆகிய மூன்றிலும் பகை இருந்தது. வகுப்பில் நாம் ஒரு சிறு பயிற்சி தருவதுண்டு. குற்றுயிராகக் கிடக்கும்போது எவர் கை உங்கள்மேல் படுவதை விரும்ப மாட்டீர்களோ, அவரைச் சமாரியன் இருந்த இடத்தில் நிறுத்திக் கதையை மீண்டும் எழுதுங்கள் என்போம். தாளில் எழுதுவர், உரக்கப் படிக்க எவரும் முன்வருவதில்லை. பல்லினம் வாழும் நாட்டில் அந்த அமைதிக்கு விளக்கம் தேவையில்லை.

கதை எங்கே நின்று நிதானிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரக்கம் பிறந்தது என்பதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. பின்னர்ச் செயல்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறது. காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்க்கிறான். கட்டுகிறான். தன் விலங்கின்மேல் ஏற்றுகிறான். அப்படியானால் அவன் நடந்திருக்க வேண்டும். விடுதிக்குக் கொண்டுபோய் இரவு முழுவதும் கவனிக்கிறான். மறுநாள் இரண்டு தெனாரியம் எடுத்துக் கொடுக்கிறான். தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் ஊதியம். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறான். வள்ளுவரின் செவிலியை ஈண்டு நினைத்துக்கொள்ளலாம்.

இறுதியில் இயேசு வினாவையே திருப்பிவிடுகிறார். எனக்குப் பிறன் யார் என்பது போய், அடிபட்டவனுக்கு மூவருள் எவன் பிறனாக இருந்தான் என்றாகிறது. இந்த இடத்தில் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இடறுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவனுக்குப் பிறனாயிருத்தல் என்றால் தமிழ்ச் செவிக்கு அவனுக்கு அந்நியனாயிருத்தல் என்றே கேட்கும். பொருள் தலைகீழாகிவிடுகிறது. அடுத்திருப்பவர் என்று கொண்ட 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் இந்த இடர் இல்லை. பிறன் என்னும் சொல்லைக் கட்டளைக்குப் பொருத்தமானது என்று போற்றும் நாம், கதையின் முடிவில் அச்சொல் கைகொடுக்கவில்லை என்பதை மாணவருக்கு மறைக்கலாகாது.

நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையேயான இத்தொடர்பைப் புதிய ஏற்பாடு வேறு இடங்களிலும் வற்புறுத்துகிறது. பசித்தவனிடம் ஒன்றும் கொடுக்காமல் நலமாகப் போய்வா என்று வாழ்த்தியனுப்புவதால் பயனென்ன என்று யாக்கோபின் மடல் கடிந்துகொள்கிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் அளவுகோலாக வருபவை பசி, தாகம், அந்நியநிலை, ஆடையின்மை, நோய், சிறை என்னும் ஆறு நிலைகளில் இருந்தோருக்குச் செய்தவையும் செய்யாதவையுமே.

தமிழகத்துத் திருச்சபையில்

இக்கட்டளை தமிழ் மண்ணில் எவ்வாறு வாழப்பட்டது என்று பார்க்கும்போது, முதலில் வாழப்படாத கதையைக் கூற வேண்டும். 1833இல் ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சையில் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுள் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய இசைப்பாடல்களை வியந்து கற்பிக்கும் நமக்கு இது இனிய செய்தியன்று. எனினும் அதனை விடுத்து அவரைக் கற்பிப்பது நேர்மையாகாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கக் கோயில் இதற்குக் கல்லால் ஆன சான்று. பலிபீடத்திலிருந்து இரு கிளைகளாகப் பிரியும் அமைப்பும் இடையே ஒரு சுவரும் கொண்டு, இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே வழிபாட்டில் பங்கேற்குமாறு அது கட்டப்பட்டது. சுவரின் இரு பக்கத்தாரும் பிறரன்புக் கட்டளையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனர். அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது.

அதே காலத்தில் வேறொரு வேதநாயகர் வாழ்ந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் என்றே பெரும்பாலும் அறிமுகம் செய்கிறோம். பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது 1879இல். அதற்குச் சற்று முன்னர், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. கத்தோலிக்கராகிய வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்ததையும், அதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடியதையும் இலக்கிய வரலாறு பதிந்துள்ளது. புலைப்பாடியில் பிறந்த நந்தனாரைப் பாடிய சைவர், ஒரு கிறித்தவரைப் பாடினார். யார் யாருக்குப் பிறன் என்று பிரித்தறிய இயலாத ஒரு நிலை அது.

அப்பஞ்சமே வேறொரு வினாவையும் எழுப்பியது. பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபைகளில் சேர்ந்தனர். அவர்கள் சோற்றுக்காக வந்தவர்கள் என்னும் ஏளனமும், அன்பு என்பது ஆள்சேர்க்கும் தூண்டில் என்னும் குற்றச்சாட்டும் உடன் எழுந்தன. இதனை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. பசித்தவன் தன் சார்பை மாற்றிக்கொள்வதில் இழிவில்லை என்பது நம் கருத்து. கொடுத்தவர் நோக்கமே ஆராயற்பாலது. கதையில் வரும் சமாரியன் காயமுற்றவனிடம் எந்த மலையில் வழிபடுகிறாய் என்று கேட்கவில்லை. அவன் தேறிய பின் சமாரியனாக மாறினான் என்றும் கதை கூறவில்லை. அளவுகோலை அந்நூலே தந்துவிட்டிருக்கிறது.

1921இல் திருப்பத்தூரில் தொடங்கப்பெற்ற கிறிஸ்துகுல ஆசிரமம் நம் வாதத்திற்கு மிக நெருங்கிய சான்று. அதனைத் தோற்றுவித்தோர் இருவர். ஒருவர் தமிழராகிய மருத்துவர் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காத்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். சுற்றுப்புற மக்கள் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். ஆங்கிலேயர் ஆண்ட நாளில், ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் இனத்தவருக்குத் தம்பியாக ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார் என்பதை அவ்விரு முறைப்பெயர்கள் கூறிவிடுகின்றன. பிறனை உறவாக்குவதற்குத் தமிழரிடம் உள்ள மிகப் பழைய கருவி முறைப்பெயர்தான். கதராடை உடுத்திய பேட்டனை 1932இல் சென்னைத் தெருவில் காவலர் அடித்து, அவர்மேல் நீரைப் பீய்ச்சினர். அந்நிகழ்ச்சி பிரித்தானிய நாடாளுமன்றம் வரை சென்றது. தம் இனத்தாரின் கண்ணுக்கு அவரே பிறனாகிவிட்டிருந்தார் போலும்.

வேலூரில் ஒரு பூனை

ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய வேலூரைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் அங்குப் பின்னாளில் பணியாற்றிய பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவரைப் பற்றி மட்டும் கூற விரும்புகிறோம். கொல்லிமலையில் பணியாற்றிய சமயப் பணியாளர்களின் மகனாக 1914இல் பிறந்தவர் அவர். 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கிய நோயாளி ஒருவரின் கையைப் பற்றி, அழுத்துமாறு கேட்டார். பிடி வலுவாக இருந்தது. கை அழுகிப் போகவில்லை, சில தசைகளே செயலிழந்துள்ளன என்று அவருக்கு விளங்கிற்று. தொட்டதனால் கிடைத்த அறிவு அது. நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. விரல் நிமிர்ந்த நோயாளி ஒருவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சை எடுக்க உதவவில்லை என்று முறையிட்டாராம். மடங்கிய கைக்கு இரங்கியவர்கள் நிமிர்ந்த கைக்கு இரங்கவில்லை. தழும்புகளைக் கண்டு வேலையும் தரவில்லை. அதன் பின்னரே 1951இல் நவஜீவ நிலையம் எழுந்தது. அங்கு நோயாளிகள் தச்சு வேலை கற்றுப் பொம்மைகள் செய்தனர். அங்கும் காயங்கள் தோன்றின. ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடினர். ஆணி, சூடான பாத்திரம், சுத்தியலின் பிடி என்று காரணங்கள் அகப்பட்டன. இரவோடிரவாக விரல் துண்டு காணாமற்போனதற்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. இரவில் ஒருவர் காவலிருந்து பார்த்தபோது, உணர்ச்சியற்ற விரலை எலி கடிப்பது தெரிந்தது. அது முதல், வீடு திரும்பும் நோயாளி ஒவ்வொருவரும் பூனை ஒன்றை உடன் கொண்டுசெல்ல வேண்டும் என்று பிராண்டு விதி செய்தார்.

இதனை நாம் வகுப்பில் கூறியபோது மாணவர் சிரித்தனர். முன்னர் வினா எழுப்பிய மாணவி மட்டும் சிரிக்காமல் மற்றொன்று கேட்டார். சமாரியன் தெனாரியத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போய்விட்டான். அதன் பிறகு புண்ணைக் கழுவியவரும் கஞ்சி கொடுத்தவரும் விடுதிக்காரர் அல்லவா? கூலி வாங்கிக்கொண்டு அவர் செய்ததை அன்பு என்பதா, தொழில் என்பதா? மாதச் சம்பளம் பெறும் செவிலியரையும், ஆசிரியராகிய தம்மையும் மனத்திற்கொண்டே அவர் கேட்டார் என்பது தெரிந்தது. லூக்கா நற்செய்தி விடுதிக்காரரைப் பற்றி வேறொன்றும் கூறவில்லை. அவர் அப்பணத்தை வாங்கிக்கொண்டார் என்றுகூட அங்குச் சொல்லப்படவில்லை.